தேங்காய் எண்ணெய் உறையும் மாதங்கள்

கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்குகளை எடுத்துக் கழுவும் நாட்களில்தான் அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டி முதலில் வெளுக்கும். அடியில் மாவு படிந்த மாதிரி ஒரு படலம். அடுத்த வாரம் பாதிப் புட்டி. மார்கழி பிறந்துவிட்டால் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. தேங்காய் எண்ணெய் உறைவது 24 டிகிரியை ஒட்டி. அதனால் பனிக்காலத்தில் அந்தப் புட்டியே வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர். காலையில் உறைந்து மதியம் உருகிவிட்டால் ராத்திரி மட்டும்தான் குளிர். மதியம் இரண்டு மணிக்கும் கட்டியாகவே நின்றால் வீட்டுக்குள் பகலிலும் 24-க்கு மேல் ஏறவில்லை என்று அர்த்தம். மீன் தொட்டி, இட்லி மாவு, தயிர், கோழிக்குஞ்சு எல்லாமே இந்த எண்ணுக்குக் கீழே போனால் முறை மாற்றிக் கவனிக்க வேண்டியவை.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஏறினால் 900 மீட்டரைத் தொடும். நமக்கு வெண்பனி விழுவதில்லை. ஆனால் மதியம் 28 டிகிரி, விடியலில் 15 டிகிரி என்று ஒரே நாளில் 13 டிகிரி ஏறி இறங்குவது இங்கே சாதாரணம். தொல்லை தருவது குளிரை விட இந்த ஏற்ற இறக்கம்தான். ராத்திரி எட்டு மணிக்கு "இன்னிக்கு அவ்வளவா குளிரலையே" என்று தோன்றும். உண்மையான குளிர் அதிகாலை மூன்று மணிக்கு மேல் தொடங்கி சூரியன் எழும் நேரத்தில் உச்சத்துக்கு வரும். எந்த ஏற்பாடு செய்தாலும் அந்த மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

இன்னொன்று. பனி "கொட்டுகிறது" என்று சொன்னாலும் அது மழை மாதிரி மேலிருந்து விழுவதில்லை. தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் ராத்திரியில் தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன் மேல் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். அதனால்தான் வாசலில் நிற்கும் வண்டியின் சீட்டு நனைந்திருக்கும், இரண்டடி தள்ளித் தாழ்வாரத்துக்குள் நிற்கும் வண்டி காய்ந்திருக்கும். மேலே ஒரு கீற்று, ஒரு பழைய சேலை, ஒரு தகரம் இருந்தால் போதும், பனி படியாது. நாய்க்கும் பறவைக்கூண்டுக்கும் ரோஜாத் தொட்டிக்கும் இந்த ஒரு விஷயம் பாதி வேலையை முடித்துவிடும்.

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பனிக்காலத்தில் செய்யும் பிழைகள்தான் அதிகம், அதனால் அதை முதலில் சொல்கிறேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்பது ஹீட்டருக்கு வழக்கமான கணக்கு. தருமபுரி ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 வாட் போதும். ஓசூர், தளிப் பக்கம் ஓடு வேய்ந்த வீடாக இருந்தால் 100 வாட் வேண்டியிருக்கும். அப்போதும் 100 வாட்டில் ஒன்று வாங்குவதைவிட 50 வாட்டில் இரண்டு வாங்கி இரண்டு முனைகளிலும் வைப்பதே நல்லது. ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் சில நேரம் ஒட்டிக்கொண்டு அணையாமல் ஓடும். சின்னத் தொட்டியில் 100 வாட் அப்படி ஓடினால் விடிவதற்குள் மீன்கள் போய்விடும். 50 வாட் ஓடினால் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், காலையில் கண்ணில் படும். இரண்டில் ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஓரளவு காப்பாற்றும்.

ஹீட்டரை ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் பக்கத்தில், அடியை ஒட்டிச் சாய்வாக வைக்க வேண்டும். தெர்மாமீட்டரை அதன் எதிர் முனையில் ஒட்ட வேண்டும். பக்கத்திலேயே ஒட்டினால் அது ஹீட்டரின் சூட்டைத்தான் காட்டும். கப்பி, மோலி, பிளாட்டி, ஏஞ்சல், டெட்ரா, ஃபைட்டர் எல்லாவற்றுக்கும் 26 டிகிரி பொதுவாகச் சரியாக இருக்கும். தங்கமீனுக்கு ஹீட்டர் தேவையில்லை, அது 18 முதல் 22 டிகிரியில் நன்றாகவே இருக்கும் மீன். ஏஞ்சலையும் தங்கமீனையும் ஒரே தொட்டியில் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதங்களில்தான் அது எவ்வளவு பொருந்தாத கூட்டு என்று தெரியவரும்.

தண்ணீர் மாற்றுவதை மதியம் இரண்டு, மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 16, 17 டிகிரி இருக்கும். 26 டிகிரியில் இருக்கும் மீன் மேல் அதை ஊற்றினால் இரண்டு நாளில் வெள்ளைப்புள்ளி வந்து நிற்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த டிரம்மை மாடியில் வைக்காமல் வீட்டுக்குள்ளே, தொட்டி இருக்கும் அறையிலேயே வையுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். முக்கியமானது: தண்ணீரை இறக்குவதற்கு 20 நிமிடம் முன்பே ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சூடாக இருக்கும் கண்ணாடிக் குழாய் காற்றில் வெளிப்பட்டு, பிறகு அதன் மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும். கரண்ட் தண்ணீரில் இறங்கிவிடும்.

நம்ம மாவட்டங்களில் போர் தண்ணீர் கடினத்தன்மை அதிகம். கப்பிக்கும் மோலிக்கும் அது கெடுதல் இல்லை, அவை அதை விரும்பும். ஆனால் ஹீட்டர் கண்ணாடி மேல் ஒரு மாதத்தில் வெள்ளையாக உப்பு படியும். அது படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, ஹீட்டர் நெடுநேரம் எரியும், கண்ணாடியும் அங்கங்கே அதிகமாகச் சூடாகும். கழற்றி, ஆறவைத்து, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரை மணி ஊறவைத்துத் துணியால் துடைத்தால் வந்துவிடும். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

வெள்ளைப்புள்ளி நோய்: உடம்பிலும் செதிலிலும் ரவை தூவின மாதிரி புள்ளிகள். மீன் கல்லில் போய் உடம்பைத் தேய்க்கும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, பெருகி, மறுபடி மீனைத் தேடித் தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். சூடு ஏறினால் அந்தச் சுற்று சீக்கிரம் ஓடும். அதனால் சில மணிக்கு ஒரு டிகிரி வீதம் மெல்ல ஏற்றி 30 டிகிரிக்குக் கொண்டுபோய், 10 முதல் 14 நாள் அங்கேயே நிறுத்த வேண்டும். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல் உப்பு, தனியாகக் கரைத்து, இரண்டு மூன்று தவணையாகச் சேர்க்கலாம். கெளுத்தி வகை மீனும் செடியும் இருந்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் நிற்கும், எனவே அந்த இரண்டு வாரமும் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. ஐந்தாவது நாளே புள்ளி மறைந்துவிடும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், பத்து நாளில் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், 45 லிட்டர் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. தொட்டியைப் போர்வையால் சுற்றிவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலில் சுடுநீர் நிரப்பி மூடி தொட்டியில் மிதக்க விடலாம். சுடுநீரை நேராக ஊற்றக் கூடாது. தொட்டிக்கு அடியிலும் பின்பக்கமும் ஓர் அங்குலத் தெர்மாகோல் பலகை வைத்தால் மாதம் முழுக்கக் கரண்ட் மிச்சம். தீனி ஒரு வேளைதான், காலை 11 மணி வாக்கில். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது மீனுக்குச் செரிக்காது, மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

நாய்க்கு வருவோம். நாட்டு நாய்க்கு முடி குட்டை, கீழே அடர்த்தியான உள்முடி கிடையாது. சிமென்ட் தரையில் படுத்தால் வயிற்றுப் பக்கத்திலிருந்துதான் சூடு போகும். போர்வை போர்த்துவதைவிடத் தரையிலிருந்து தூக்குவதுதான் முதல் வேலை: நான்கு செங்கல், அதன் மேல் ஒரு பலகை, அதன் மேல் வைக்கோல் அடைத்த கோணிச் சாக்கு. பழைய போர்வையைவிட வைக்கோல் ஏன் மேல் என்றால், துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், விடிகாலையில் சில்லென்று இருக்கும். வைக்கோல் தாளுக்குள்ளே காற்று நிற்கும், நாயின் சூடே அதைச் சூடாக்கும். வாரம் ஒருமுறை வைக்கோலை மாற்றிச் சாக்கை உதறி வெயிலில் போட வேண்டும். இல்லாவிட்டால் உண்ணி அதில் குடியேறும். கூண்டு வைத்திருந்தால் வாசல் வடக்கு, வடகிழக்குப் பக்கம் வேண்டாம், வாடைக்காற்று அங்கிருந்துதான் வரும். தெற்கோ தென்கிழக்கோ பார்த்து வைத்தால் காற்றும் அடிக்காது, காலை வெயிலும் படும். கூண்டு பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பதும் தவறு. நாய் எழுந்து நின்று ஒரு சுற்றுத் திரும்பிச் சுருண்டு படுக்கும் அளவு போதும், அதற்கு மேல் உள்ள இடத்தை அதன் உடம்பால் சூடாக்க முடியாது.

குளிப்பாட்டுவது மாதம் ஒருமுறை, 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், வெதுவெதுப்பான தண்ணீரில், கடைசி வரை துவட்டி, வெயிலில் ஓடவிட்டு. தெருவில் இந்த மாதங்களில் குட்டிகள் அதிகமாகக் கண்ணில் படும். கண் திறக்காத குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. முதல் வாரம் அது படுக்கும் இடம் 30 டிகிரி வரை வேண்டும். ஒரு அட்டைப்பெட்டி, துண்டு சுற்றிய சுடுநீர் பாட்டில் ஒரு மூலையில், மறு மூலை வெறுமையாக. சூடு தாங்காவிட்டால் குட்டி நகர்ந்துபோக இடம் இருக்க வேண்டும். சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு முதலில் பால் புகட்டாதீர்கள். உடம்பு சூடான பிறகுதான் வயிறு வேலை செய்யும். குளிர்ந்த குட்டிக்குப் புகட்டும் பால் செரிக்காது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய்க்கான தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும்.

பனிக்காலத்தில் வீட்டுக்குள் வரும் சில பொருட்கள் நாய்க்கும் பூனைக்கும் விஷம். இதை யாரும் நினைப்பதே இல்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பெட்டியிலிருந்து எடுக்கும் கம்பளியில் பாச்சை உருண்டை வாசம் இருக்கும். ஒரு முழு நாள் வெயிலில் போட்டு உதறிய பிறகே அதைப் பூனை படுக்கும் இடத்தில் விரியுங்கள், உருட்டிவிட்ட உருண்டை ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. யூகலிப்டஸ் தைலத்தைச் சளிக்கு நாயின் மூக்கில் தடவுவது வேண்டவே வேண்டாம். பூனைக்குப் பாரசிட்டமால் அரை மாத்திரைகூட உயிரை எடுக்கும். பிறகு, காலையில் கார் எடுக்கும்போது பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ராத்திரி சூடு இருக்கிற இடம் தேடிப் பூனை இன்ஜின் மேல் ஏறிப் படுத்திருக்கும்.

கோழிக்குஞ்சுக்கு ஒரு விஷயம்தான் இப்போது புதிது: எல்.இ.டி. பல்பு சூடு தராது. வெளிச்சம் இருக்கிறதே என்று நம்பி விட்டால் விடியலில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கியிருக்கும். பழைய குண்டு பல்புதான் வேண்டும், ஒரு குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 50 குஞ்சுக்கு 100 வாட். முதல் வாரம் பல்புக்குக் கீழே 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம், பல்பை உயர்த்தினால் போதும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். பல்புக்கடியில் குவிந்தால் குளிர், வளையத்தின் ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. பெட்டைகள் முட்டை குறைப்பதற்குக் குளிரைக் குறை சொல்ல வேண்டாம். நல்ல முட்டைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் வேண்டும், மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரம்தான்.

லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு மூன்று பக்கம் சாக்கு, ஒரு பக்கம் திறப்பு. நான்கு பக்கமும் மூடினால் எச்சத்தின் வாடை உள்ளேயே நிற்கும். தினை நம்ம ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கிறது, பொட்டலத் தீனி வாங்க வேண்டியதில்லை.

இனி அடுப்படி. இந்த மாதங்களில் மாவு புளிக்கவில்லை என்று சொல்பவர்கள் எல்லோரும் அரைக்கும் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். இட்லி அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, ஒரு டீஸ்பூன் வெந்தயம், இதில் மாற்றம் இல்லை. வழக்கமாக ராத்திரி எட்டு மணிக்கு அரைப்பவர்கள் நான்கு மணிக்கே அரைத்து முடித்துவிட வேண்டும். வெயில் இறங்கும் முன் புளிப்பு தொடங்கிவிட்டால் பிறகு குளிர்ந்தாலும் வேலை நடக்கும். குளிர்ந்த பிறகு தொடங்க வைப்பதுதான் கஷ்டம். உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும், அதனால் பாதி உப்பை அரைத்ததும் கையால் கலந்து, மீதியைக் காலையில் சேர்க்கலாம். பாத்திரத்தில் பாதி அளவு மாவு. மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ கிடைக்கும் தெர்மாகோல் பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் ஒரு லிட்டர் சுடுநீர் பாட்டிலை நிறுத்தி மூடிவிட்டால் விடியும்வரை சூடு நிற்கும். கொதிக்கும் தண்ணீரில் பாத்திரத்தை இறக்குவது தவறு, ஓரத்து மாவு வெந்து நுரைப்பு செத்துவிடும். தயிருக்கும் இதே பெட்டிதான். அரை லிட்டர் பால், விரலை விட்டால் பொறுக்கும் சூடு, ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்பூன் உறை.

பனிக்காலம் நமக்குத் தரும் நல்ல சாப்பாடு பிதுக்கம் பருப்பு. பனி இறங்கினால்தான் அவரைக்குப் பருவம். நாட்டு அவரை பகல் குறுகினால் பூக்கும் செடி, ஆடியில் போட்டாலும் அது கார்த்திகைக்குக் காத்திருக்கும். சந்தையில் காய் பார்க்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விரலில் பிசுக்கு ஒட்டி, அந்தக் கனமான அவரை வாசம் கையில் தங்க வேண்டும். அதுதான் பனியில் முற்றிய காய். ஒரு கிலோ காய் உரித்தால் சுமார் 400 கிராம் கொட்டை தேறும். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் 6 முதல் 8 மணி நேரம் ஊற வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டால் இந்தக் குளிரில் தோல் இளகாது, பிதுக்கும்போது பருப்பு உடையும். ஊறிய கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கண் இருக்கும் முனை உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்து ஒரு அழுத்து. வழவழவென்று பச்சையும் மஞ்சளும் கலந்த பருப்பு துள்ளி வெளியே வரும், தோல் விரலில் நிற்கும். பிதுக்கியது துள்ளி ஓடும் என்பதால் பாத்திரத்தின் வாய்க்குள்ளேயே கையை வைத்துப் பிதுக்க வேண்டும். வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை.

குழம்புக்கு: 2 கப் பருப்பு, 10 சின்ன வெங்காயம், 1 தக்காளி, 4 பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி. தனியா 1 டேபிள்ஸ்பூன், பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, கசகசா அரை டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 5, தேங்காய் கால் மூடி வறுத்து அரைக்க வேண்டும். வெங்காயம், தக்காளி வதக்கி, அரைத்ததை ஊற்றிக் கொதி வந்த பிறகு பருப்பைப் போட்டால் திறந்த சட்டியிலேயே 10 முதல் 12 நிமிடத்தில் வெந்துவிடும். குக்கரில் வைத்தால் கரைந்து கூழாகிவிடும், அவ்வளவு நேரம் உட்கார்ந்து பிதுக்கியதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். உப்பு கடைசியில். இதற்கு ராகிக் களிதான் ஜோடி. ஒரு கைப்பிடி நொய்யை இரண்டரை கப் தண்ணீரில் வேகவிட்டு, 1 கப் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் ஐந்து நிமிடம் வெந்த பிறகு துடுப்பால் கிளறினால் கட்டி விழாது. நாய்க்கும் களி போடலாம். ஆனால் இந்தக் குழம்பை ஊற்றிப் பிசைந்து போடாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். தனியாக எடுத்துவைத்த களியில் கொஞ்சம் மோர் போதும்.

மாடித் தோட்டத்தில் அவரைப் பந்தல் இருந்தால் அசுவினி வராமல் இருக்காது. கொழுந்திலும் பூங்கொத்திலும் கறுப்பாக அப்பிக்கொள்ளும், எறும்பு வரிசையாக ஏறினால் வந்துவிட்டது என்று அறியலாம். விறகுச் சாம்பலைச் சலித்து விடியலில் தூவுங்கள். இலை மேல் பனி ஈரம் இருக்கும்போது சாம்பல் ஒட்டும், ஒன்பது மணிக்குத் தூவினால் காற்றோடு போய்விடும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி.

ரோஜாவுக்குச் சாம்பல் நோய்தான் எதிரி. இளம் இலை சுருண்டு, மேலே கோலமாவு தூவின மாதிரி வெள்ளை படியும். சாயங்காலம் தண்ணீர் விடுவதை நிறுத்திக் காலை எட்டு மணிக்கு மேல், இலையில் படாமல் வேரில் விடுவதே பாதி மருந்து. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். ஆனால் வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். வீட்டில் ஒரு பெங்களூரா மாமரம் நின்றாலும் அதற்கும் இதே கந்தகம்தான். மார்கழி, தையில் பூங்கொத்து மேல் மூடுபனி நின்றால் சாம்பல் நோய் ஏறிப் பூ உதிரும். பூத்திருக்கும் மரத்துக்குப் பாவப்பட்டுத் தண்ணீர் விட வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவு ஆகட்டும்.

மார்கழிக் கோலத்தில் மாவு கட்டியாகி விரல் இடுக்கில் இறங்காமல் நிற்பதும் பனியால்தான். முதல் நாள் மதியமே கோலமாவை வெயிலில் காயவைத்து மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். கல்மாவோடு கால் பங்கு நைசான மணல் சேர்த்தால் ஓட்டமாக இறங்கும், இழை அறுபடாது. வண்ணப் பொடிக்கு, ஒரு பங்கு பொடிக்கு நான்கு பங்கு மாவு. வாசல் தெளித்தவுடன் வண்ணம் போட்டால் ஊறிப் பரவும். புள்ளியும் கம்பியும் ஈரத்தில் போடலாம், வண்ணம் நிரப்புவது தரை கொஞ்சம் சுண்டிய பிறகு. ஒயர் கூடை பின்னுகிறவர்களுக்கும் ஒரு சொல்: குளிரில் ஒயர் விறைத்துப்போகும், முடிச்சு இறுகாமல் இடைவெளி தெரியும். சுருளைக் கால் மணி நேரம் வெயிலில் வைத்தோ வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டெடுத்தோ பின்னினால் நெல்லிக்காய் முடிச்சுகூட வழிக்கு வரும்.

வெந்நீர் பற்றி. 1500 வாட் ஹீட்டர் ராடு 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 20 நிமிடம், அரை யூனிட் கரண்ட். பிளாஸ்டிக் வாளியில் மட்டும், ராடில் உள்ள கோடு வரை முக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே விரலை வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. கேஸ் கீசரைக் குளியலறைக்கு உள்ளே மாட்டியிருந்தால் வெளியே மாற்றுங்கள். கதவைச் சாத்திப் படுக்கும் அறையில் கரிக் கும்முட்டியை ஒருபோதும் வைக்காதீர்கள். புகை இல்லை, தணல்தானே என்று நினைப்பதுதான் ஆபத்து. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை நிறமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். குழந்தைக்கு சாம்பிராணி போடுவதும் ஜன்னலைத் திறந்து வைத்து, போட்டு முடித்ததும் சட்டியை வெளியே எடுத்துவிடுவதோடு இருக்கட்டும்.

தை முடிந்ததும் ஏற்பாடுகளைக் கலைத்துவிட வேண்டாம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம்ம பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். மாசியில் பகல் வெயில் ஏறிவிடும், விடியல் குளிர் இறங்காது, அந்த இடைவெளி அப்போதுதான் அதிகம். மகா சிவராத்திரி வரை நாயின் வைக்கோலும் கூண்டின் சாக்கும் இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் தொடர்ந்து ஒரு வாரம் விடிகாலையிலும் தெளிவாக இருந்தால் மீன் தொட்டி ஹீட்டரை எடுக்கலாம். முதலில் இரண்டு நாள் 25 டிகிரியில், பிறகு 24-ல் வைத்து, அப்புறம்தான் பிளக். எடுத்த ஹீட்டரை வினிகரில் துடைத்து, காயவைத்து, பழைய துண்டில் சுற்றி, அடுத்த கார்த்திகையில் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள்.